ஆறு மணி சுற்று வண்டி

சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் 'கறை' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான். "கறை வந்தாச்சா?", "இந்தக் கோட்டைக் கறைகிட்ட குடு", "கறை டீ குடிக்கப் போயிருக்காரு." புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரம் கொஞ்சம் கூசுவார்கள். அப்புறம் அவர்கள் வாயும் பழகிவிடும்.

இருபத்தாறு வருடமாக அவர் கறை எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் அகலத்துக்கு இரும்பு மேசை, காலடியில் காற்றை உறிஞ்சும் மிதி, கைக்கெட்டும் தூரத்தில் நீராவி பீய்ச்சும் துப்பாக்கி, பதினோரு புட்டிகள், மூன்று பிரஷ்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே எது எண்ணெய், எது மை, எது பழச்சாறு, எது மனுஷ ரத்தம் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. மத்தியானத்துக்கு மேல் கூடம் முழுக்க ஆவி இறங்கிவிடும். தலைக்கு மேலே ஓடும் கம்பித் தடத்தில் துவைத்த உடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகரும். சட்டைகள், கவுன்கள், ஒரு மழைக்கோட்டு, ஒரு குழந்தையின் குட்டி ஜாக்கெட். ஆவிக்குள் அவை நுழைவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தால், யாரோ ஒரு கூட்டம் பேசாமல் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். சில நாள் அவருக்கு அவர்கள் கூடவே போய்விடலாம் போல இருக்கும்.

ஏனென்றால் ஐந்தரைக்கு வேலை முடியும். முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீடு மூன்று அறை. முதல் அறையில் மாமனார் கட்டில். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பேச்சில் புள்ளி, கமா தவறாதவர். மூளையில் ரத்தம் கட்டி ஒரு பக்கம் விழுந்ததும், இருந்த வார்த்தையெல்லாம் போய் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "சாவி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, விளக்கை அணை என்றாலும் சாவி, கோபம் வந்தால் சாவி சாவி சாவி. கறை எடுப்பவரின் மனைவிக்குத் தன் அப்பாவின் ஒவ்வொரு சாவிக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. ஆனால் அந்த வேலைக்கு ஓய்வு கிடையாது.

இரண்டாவது அறையில் மகள், எட்டு மாதக் கைக்குழந்தையோடு. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நாலு மாதமாகிறது. மூன்றாவது அறையில் இவரும் மனைவியும். நடுவில் ஒரு சமையலறை. அங்கேதான் அம்மாவும் மகளும் முட்டிக்கொள்வார்கள். "திரும்பிப் போ" என்பது அம்மாவின் கட்சி. "போக மாட்டேன்" என்பது மகளின் கட்சி. கடைசியில் நேராகப் பேசிக்கொள்வதே நின்றுபோய், எல்லாம் இவர் வழியாகப் போக ஆரம்பித்தது.

"என்னங்க, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, பால் பாத்திரத்தைக் கழுவி வைக்கணும்னு."

"அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, அது கழுவின பாத்திரம்தான்னு."

மூன்று பேரும் நிற்பது ஒரே சமையலறையில், கை எட்டும் தூரத்தில்.

சரியாக ஆறு மணிக்கு மருமகன் போன் பண்ணுவான். மகள் கத்துவாள், குழந்தை வீறிடும், மாமனார் சாவி என்பார், மனைவி அடுப்பைப் படாரென்று அணைப்பாள். இதற்கு முன்னால்தான் இவர் எங்கேயாவது ஒதுங்க வேண்டியிருந்தது. ஒதுங்கிய இடம், மூன்றாவது பேருந்து நிறுத்தத்தில் இருந்த மதுக்கடை. முதலில் வாரம் ஒரு நாள். அப்புறம் இரண்டு நாள். அப்புறம் கிழமையே ஞாபகம் இல்லை. கடையில் மூன்று கிளாஸ், வீட்டில் அழுக்குத் துணிக் கூடைக்கு அடியில் வைத்திருந்த புட்டியிலிருந்து இன்னும் மூன்று. குடித்தால் சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். எல்லாரும் தண்ணீருக்கு அடியில் வாயை வாயைத் திறப்பது போல இருக்கும். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் என்ன இருக்கிறது.

ஒரு சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலிடம் போனவர், நின்ற வாக்கிலேயே கால் மடங்கி, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும், சிரித்தது. மகள் வந்தாள். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. குனிந்து, கண்ணாடிச் சாமானை எடுப்பது போல அவர் கையிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் குழந்தை அவர் கைக்கு வராது. காலையில் கொடுப்பாள். சாயங்காலம் கொடுக்க மாட்டாள்.

அந்த வாரமே அவர் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

"ஈரல் வீங்கியிருக்கு. இப்பவே கவனிச்சா சரியாகும். ஆனா நாளைக்கே ஒரேயடியா நிறுத்திடாதீங்க. உங்க அளவுக்குக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா உடம்பு உதறும், வலிப்புகூட வரலாம். வாரத்துக்கு ஒரு கிளாஸா குறைச்சுட்டே வாங்க. நடுக்கமோ வேர்வையோ வந்தா உடனே இங்க வரணும்."

"சரிங்க."

"கூட யாராவது இருக்காங்களா?"

"வீடு நிறைய ஆள் இருக்காங்க டாக்டர்."

"நான் கேட்டது அது இல்லை" என்றார் டாக்டரம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கடைக்குப் போகக் கூடாது, வீட்டுக்கும் ஆறு மணிக்குப் போகக் கூடாது என்றால் ஒரு மனுஷன் எங்கே போவது? பூங்காவில் உட்கார்ந்து பார்த்தார். பெஞ்சு குளிர்ந்தது, கால் தானாகவே எழுந்து கடைப் பக்கம் நடந்தது. மூன்றாம் நாள், யோசனை எதுவும் இல்லாமல், எதிரே வந்து நின்ற வண்டியில் ஏறிவிட்டார். ஊரைச் சுற்றிவரும் வண்டி அது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர ஒரு மணி இருபது நிமிடம். இறங்கச் சொல்ல ஆளில்லை, பாஸ் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

எத்தனையோ வருடமாக அந்த ஊரில் இருந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மரவாடியில் அடுக்கி வைத்த பலகைகள் பொன் நிறமாகக் கிடந்தன. பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. ஆஸ்பத்திரியின் வரிசை ஜன்னல்களில் ஒன்று, அப்புறம் ஒன்று என்று விளக்கு வந்தது. ஒரு மாடியில் யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் கீழே விழுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. கண்ணாடியில் அவர் முகமும் வெளியே ஓடும் வீடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, யாரோ ஒருவருடைய வீட்டுக்கூடம் அவர் நெற்றி வழியாகப் போனது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. கிளாஸ் இல்லாமலே சத்தம் தூரமாகிவிட்டது. திரும்ப இறங்கும்போது ஏழு இருபது. வீட்டில் புயல் அடித்து ஓய்ந்திருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஆறு மணி வண்டி, வீடு, சாப்பாடு, அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னபடி கிளாஸில் அளந்து ஊற்றிய அன்றைய கணக்கு.

இரண்டாவது வாரம் கவனித்தார், வண்டிக்குள் நடுவழிக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரத்தில் ஒரு பெண்மணியும் இறங்குவதே இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயது. வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருப்பாள். விரல் நுனிகளில் வெள்ளைப் பொடி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நாலைந்து நாள் சுற்றினார்கள். ஒரு நாள் அவள் கோட்டின் கைமுனை மடிப்பிலிருந்து நழுவித் தொங்கியது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாயிலிருந்து வந்துவிட்டது.

"அது ஒயின். இனிமே சோப்பு போடாதீங்க."

அவள் திடுக்கிட்டுக் கைமுனையை உள்ளே தள்ளினாள். "ஒயினா? பீட்ரூட், சார்."

"பீட்ரூட் சோப்பு பட்டா இப்படி ஓரத்துல நீலமா மாறாது. சிவப்பு ஒயின்தான் மாறும்."

அவள் கைமுனையை மறுபடி வெளியே இழுத்து அந்த ஓரத்தைப் பார்த்தாள். வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது.

"மூணு வருஷமா யாரும் கண்டுபிடிக்கல" என்றாள். "வீட்டுலகூட ஷாம்பூ பாட்டில்லதான் ஊத்தி வெச்சிருப்பேன். நீங்க ஒரு துளியை வெச்சுப் பிடிச்சுட்டீங்க." அப்புறம் திரும்பி அவரைப் பார்த்தாள். "சரி, நானும் ஒண்ணு சொல்றேன். மூணாவது நிறுத்தம் வந்தா மட்டும் நீங்க உங்க செருப்பைக் குனிஞ்சு பாக்குறீங்க. அங்க என்ன கடை இருக்குன்னு எனக்கும் தெரியும்."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது போலவும் இருந்தது.

அவள் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு மெழுகிலும் சாந்திலும் அச்சு எடுத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கிக் கொடுப்பது வேலை. அவள் வீட்டுக்காரர் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி வாங்கி வைத்தும் ஏறமாட்டேன் என்கிறார்.

"நாள் முழுக்கச் சுவரைப் பாத்துப் படுத்திருப்பாரு. நான் உள்ள நுழைஞ்சா அந்தச் சுவருக்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் என்கிட்ட சொல்வாரு. கெட்டவரு இல்ல. ஆனா அந்த முதல் ஒரு மணி நேரம் இருக்கே, அதை என்னால தாண்ட முடியல."

"எனக்கும் அதே ஒரு மணி நேரம்தான்" என்றார் அவர்.

அன்றே ஓர் ஏற்பாடு ஆனது. உட்கார்ந்து எழுதியெல்லாம் இல்லை, பேச்சுவாக்கில். புத்திமதி கிடையாது. ஐயோ பாவம் கிடையாது. தினமும் வண்டி ஏறியதும், முந்தைய நாள் எத்தனை கிளாஸ் என்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் தலையாட்ட வேண்டும். அவளையும் அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவளுக்கும் வாரத்துக்கு ஒரு கிளாஸாகக் குறைக்கச் சொல்லி ஒரு சீட்டு கிடைத்தது.

மூன்றாவது நிறுத்தத்துக்கு மட்டும் தனி வைத்தியம் தேவைப்பட்டது. வண்டி அங்கே சில சமயம் இரண்டு நிமிடம் நின்றுவிடும். அந்த இரண்டு நிமிடமும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள்.

"துரு?"

"எலுமிச்சை உப்பு. தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். கோரைப்பல்லுக்குப் பின்னாடி?"

"முன்கடைவாய் ரெண்டு. லிப்ஸ்டிக்?"

"முதல்ல எண்ணெயை எடுக்கணும், அப்புறம்தான் சாயம்."

கதவு மூடிக்கொள்ளும். வண்டி நகரும். பிறகு பேச்சு இருக்காது. அவரவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். சில நாள் அவருக்குக் கனவு வரும். சலவைக்கூடத்து உடுப்புகள் கம்பியிலிருந்து இறங்கி வண்டியில் ஏறி, காலி இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஈரமாக, மரியாதையாக. மழைக்கோட்டு எழுந்து குட்டி ஜாக்கெட்டுக்கு இடம் கொடுக்கும். விழித்தால் ஏழு இருபது. வண்டி ஓட்டுநர் முன்னாலிருந்து குரல் கொடுப்பார், "சுத்துக் கம்பெனி எந்திரிங்க, ஊர் வந்தாச்சு."

ஆறு கிளாஸ் ஐந்தானது, ஐந்து நாலானது. கை நடுங்கிய நாட்களில் டாக்டரம்மாவிடம் போய் வந்தார். ஒரு பட்டுச் சட்டையில் ஆவித் துப்பாக்கியை அதிக நேரம் பிடித்து நிறத்தைக் கெடுத்துவிட்டு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினார். அன்று வண்டியில் அதையும் சொன்னார். அவள் தலையாட்டினாள். தன் கணக்கில், ஒருவருக்குக் கீழ்வரிசையைத் தலைகீழாக அடுக்கி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். இருவரும் பாலம் வரைக்கும் சிரித்தார்கள்.

மேல்வீட்டு அம்மாள் ஒருத்தி அந்த வண்டியில் வந்திருக்க வேண்டும். விஷயம் மனைவி காதுக்கு வந்தது, வழக்கம்போலக் கொஞ்சம் மசாலாவோடு. "உங்க வீட்டுக்காரர் தினம் ஒரு பொம்பளையோட பஸ்ஸுல ஊர் சுத்துறாரு."

மனைவி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அப்பாவை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்காக எத்தனையோ வாரத்துக்குப் பிறகு மகளிடம் நேராக ஒரு வாக்கியம் பேசி, ஆறு மணி வண்டியில் பின்வாசல் வழியாக ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் பார்த்தது இதுதான். புருஷன் ஒரு ஜன்னலோரம், அந்தப் பெண் எதிர் ஜன்னலோரம். நடுவே ஆள் போகிற வழி. "மூணு" என்றார் புருஷன். "ரெண்டு" என்றாள் அந்தப் பெண். மூன்றாவது நிறுத்தத்தில் வண்டி நின்றது. இனிமேல்தான் ஏதோ இருக்கிறது என்று மனைவி முன்னால் சாய்ந்தாள்.

"ரத்தம்?" என்றாள் அந்தப் பெண்.

"பச்சைத் தண்ணி. வெந்நீர் பட்டா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் போகாது."

அப்புறம் இருவரும் தூங்கிவிட்டார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்துகொண்டு. புருஷன் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கல்யாணமான புதிதில் அவர் தூங்கியதைப் போல. மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். மரவாடி, பாலம், ஆஸ்பத்திரி ஜன்னல்கள். எங்கோ ஓரிடத்தில் அவளும் தூங்கிப்போனாள். சாவி என்று யாரும் கூப்பிடவில்லை.

இறங்கும் இடத்தில் அவர் படிக்கட்டில் காலை வைத்தபோது பின்னாலிருந்து, "என்னங்க" என்று கேட்டது. அவருக்கு உயிரே போய்விட்டது.

"நீ எங்க இங்க?"

"உங்க பின்னாடிதான் இருந்தேன். முழுச் சுத்தும்." பல் செட் பெண்மணி விலகப் பார்த்தாள். மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க இருங்க. உங்க மேல கோபம் இல்ல." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "வீட்டுல நீங்க அளந்து ஊத்துறது எதுக்குன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. குறைக்கிறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"முடியாமப் போனா உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு இருந்துச்சு."

"இத்தனை வருஷமா குடிச்ச முகத்தைத்தானே பாத்துட்டு இருக்கேன். தோத்த முகத்தைப் பாக்க மாட்டேனா?" அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "ஒரு மணி இருபது நிமிஷம்ங்க. உங்களுக்கு ஒரு வண்டி கிடைச்சிருக்கு. நான் எங்க போறது? எனக்கு எது ஜன்னல்?"

அவருக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அது கூடவே வந்தது. வாசற்படியில் நின்று அவரே சொன்னார், "செவ்வாயும் வெள்ளியும் நீ போ. நான் வீட்டுல இருக்கேன்."

"ஆறு மணிக்கா? வீட்டுலயா?"

"ஆமா."

சொல்வது சுலபமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அழுக்குத் துணிக் கூடை அறை மூலையில் மலை மாதிரி உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்த புட்டியை ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டார், ஆனால் கண் அதை நம்பவில்லை. மாமனார் சாவி என்றார். தண்ணீர் கொடுத்தார், அது இல்லை. விளக்கைப் போட்டார், அதுவும் இல்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். கிழவர் வாயை மூடினார். ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

போன் அடித்தது. மகள் எடுத்தாள், இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறியது. அவர் எழுந்து போய்க் கையை நீட்டினார். மகள் ஆச்சரியத்தில் போனைக் கொடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசுறேன். இனிமே இந்த நேரத்துக்குப் பேசாதீங்க. காலைல பேசுங்க, எத்தனை நேரம் வேணும்னாலும் பேசுங்க. சாயங்காலம் இந்த வீட்டுல யாருக்கும் நிதானம் இருக்கிறதில்ல. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க மாமா" என்று வந்தது. அவனுக்கும் அது ஒரு விடுதலையாக இருந்ததோ என்னவோ.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. "அய்யோ" என்று ஓடினாள். ஓடும்போது இடுப்பிலிருந்த குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். போன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சமையலறை வாசலில் நின்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள், திரும்பி வந்து குழந்தையைக் கேட்கவில்லை. ஏழரைக்கு மனைவி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது.

மருமகன் காலையில் பேச ஆரம்பித்தான். காலைப் பேச்சில் கத்தல் குறைவு. இரண்டு மாதம் கழித்து மகள் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போனாள், வாரம் மூன்று நாள் மட்டும், பார்த்துப் பார்த்து. அதற்கிடையில்தான் பல் செட் பெண்மணி வராமல் போனாள்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் காய்ச்சல் என்று நினைக்கலாம். ஐந்து நாள். அவள் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. அவர் தனக்குத்தானே துரு, மை, தார் என்று முணுமுணுத்துக்கொண்டார். ஆறாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், அவள் வேலை செய்யும் இடத்தைக் கேட்டுக் கேட்டுப் போனார்.

மூன்றாம் மாடியில் நீளமான அறை. அலமாரி முழுக்க வெள்ளைச் சாந்துத் தாடைகள், நூறு இருநூறு, எல்லாம் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதைப் போல. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மட்டும் சின்ன அரவை எந்திரத்தில் ஒரு பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வராதீங்க" என்றாள் திரும்பாமலே. "ஒரு பாட்டில். முழுசா. அடுத்த நாள் இன்னொண்ணு. ஒண்ணரை வரைக்கும் வந்தவ. எந்த மூஞ்சியோட எண்ணைச் சொல்றது?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு தாடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நான் போன மாசம் ரெண்டு ரெண்டுன்னு சொன்னேன்ல? ரெண்டு இல்ல. மூணு."

எந்திரம் நின்றது.

"எத்தனை நாள்?"

"பதினாலு நாள். நீங்க ரெண்டு கிளாஸுக்கு வந்துட்டீங்க. நான் மட்டும் மூணுல நின்னா நல்லா இருக்காதுன்னு."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்தார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் அழுகையும் வந்தது.

"போட்டியா வெச்சோம் நாம?"

"எனக்கு அப்படித்தான் ஆகிடுச்சு போல."

"டாக்டரம்மாகிட்ட போகணும். பயமா இருக்கு."

"அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். வாங்க, இப்பவே போவோம். முடிச்சுட்டு ஆறு மணி வண்டியைப் பிடிச்சுடலாம்."

டாக்டரம்மா அவளையும் திட்டவில்லை. மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று மாலை இருவரும் உண்மையான எண்களைச் சொன்னார்கள். பெரிய எண்கள்தான். ஆனால் சொன்ன பிறகு வந்த தூக்கம், அந்த வண்டியில் அதுவரை வந்த எல்லாத் தூக்கத்தையும்விட ஆழமாக இருந்தது. ஓட்டுநர் எழுந்து வந்து தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

அந்த ஓட்டுநர்தான் வருட முடிவில் செய்தியைச் சொன்னார். சுற்று வண்டியை இரண்டாகப் பிரிக்கிறார்களாம். இனிமேல் யாரும் முழுச் சுற்று வர முடியாது, பாதியில் இறங்கி மாறியாக வேண்டும். மாறும் இடம் எது தெரியுமா? அந்த மூன்றாவது நிறுத்தம்.

"நடந்துட்டா என்ன?" என்றாள் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை. பல் செட் பெண்மணியோடு வண்டியில் போவது அவள் முறை.

அப்படி நடக்க ஆரம்பித்தார்கள். மகள் வந்திருக்கும் நாட்களில் தாத்தாவை அவள் பார்த்துக்கொள்ள, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே வந்தார்கள். மரவாடியிலிருந்து பாலம் வரைக்கும், வெளிச்சம் இருக்கும்போதே. நடப்பதென்றதும் பல் செட் பெண்மணிக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் போய் என்ன சொன்னாளோ, எப்படிக் கெஞ்சினாளோ, ஒரு வாரம் கழித்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் சவரம் பண்ணின முகத்தோடு, யாரையும் பார்க்காமல், அவள் வீட்டுக்காரர்.

முதல் கால் மணி நேரம் அவர் வழியில் வந்த சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். லேசான மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. தெரு முழுக்க நனைந்து, சுவர்கள் எல்லாம் ஒரு நிறம் கூடுதலாகத் தெரிந்தன. மேகத்தின் கீழ் விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஒரு நீளமான மதிலைக் கடக்கும்போது அவர் கையைத் தூக்கினார். நாற்காலி நின்றது.

"இதை அடிச்சவன் யாரு?" என்றார். "ரெண்டாவது கோட்டு அடிக்கவே இல்ல. பாருங்க, ஈரம் பட்டதும் அடியில இருக்கிறது தெரியுது."

கறை எடுப்பவர் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இது ஈரமில்ல. அடியில ஏதோ எண்ணெய் இருக்கு."

"எண்ணெயா? நல்லாப் பாருங்க சார். நான் முப்பது வருஷம் சுவர் பாத்தவன்."

"நான் இருபத்தாறு வருஷம் கறை பாத்தவன்."

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் இரண்டு பேரும் மதிலைத் தடவித் தடவி வாதம் பண்ணிக்கொண்டே நகர்ந்தார்கள், நாற்காலியை இப்போது கறை எடுப்பவர்தான் தள்ளினார். வாதம் அடுத்த மதிலுக்கும் போனது, அதற்கடுத்த வீட்டு ஜன்னல் சட்டத்துக்கும் போனது. பாலம் வருவதற்குள் பெயின்டர் பதினான்கு சுவர்களில் குறை கண்டுபிடித்திருந்தார். நாளைக்கு எந்தத் தெரு வழியாகப் போவது என்றும் அவரே கேட்டார்.

இப்போது கறை எடுப்பவர் வாரத்துக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறார். சில வாரம் நான்காகிவிடும், ஆனால் நான்கு என்றே சொல்லிவிடுவார். ஈரல் இறங்கியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார், இன்னும் குறைக்கச் சொன்னார். பல் செட் பெண்மணி ஒரு கிளாஸுக்கு வந்து, அப்புறம் ஒன்றும் இல்லாமலும் சில மாதம் இருந்தாள். மறுபடி ஒன்று வந்தது, மறுபடி போனது. மாமனார் கட்டிலில்தான் இருக்கிறார். மனைவியின் தூக்கம் இன்னும் குறைவுதான். ஆனால் வெளிச்சமுள்ள சாயங்காலங்களில், மரவாடிப் பக்கம் நாலு பேர் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒருவர் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வருவார். மற்றவர்கள் அதிகம் பேசுவதில்லை. பாலத்தின் நடுவே கொஞ்ச நேரம் நிற்பார்கள், கீழே ஓடும் தண்ணீரில் ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும் வரைக்கும்.